பேசுவதற்கு ஒரு பாடவேளை: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பள்ளியின் இலக்கிய மன்றமும் என் பொறுப்பில் இருக்கிறது. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வாரம் ஒரு பாடவேளையைப் பிள்ளைகள் பேசுவதற்கென்றே ஒதுக்கித் தாருங்கள். இன்னொரு பெருந்தொற்றோ வெள்ளமோ வந்து பள்ளிகளை மூட நேர்ந்தால், பாடம் எப்படிப் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் என்று திட்டமிடுகிறபோதே, பிள்ளைகள் பேசுவது நம்மிடம் எப்படி வந்து சேரும் என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கொரோனா முடிந்து இத்தனை காலம் ஆன பிறகு இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்று கணக்குப் பார்த்தபோது வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் பார்த்தோம். அதற்காக 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, 2022 ஜூனில் சிறு வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இரண்டையும் மனதார வரவேற்றவள் நான். எங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் கோயில் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்ல வைத்ததைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் பேச்சு என்ன ஆயிற்று என்று பெரிய வகுப்புகளில் யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2020 மார்ச் மாதம் மூடி, 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள். திரும்பி வந்த பிள்ளைகளில் பலர் வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்று சொல்லவே தயங்கினார்கள். முகக்கவசத்தால் குரல் கேட்கவில்லை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். கவசத்தைக் கழற்றிய பிறகும் பலருக்குக் குரல் எழவில்லை.

அந்த ஊரடங்கு பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2020-இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு மார்ச் 27-இல் தொடங்குவதாக இருந்தது. அது தள்ளிப்போனது. அப்புறம் ஜூன் 1 என்றார்கள். பிறகு ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9-ஆம் தேதி, தேர்வே ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. அன்றைய நிலையில் அது சரியான முடிவுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த இரண்டரை மாதமும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் புத்தகத்தை மூடவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் வீட்டுக்குள் இருந்தார்கள். அப்பாவுக்கு வேலை போயிருக்கும். அம்மாவுக்குக் கவலை. வீட்டில் எல்லோரும் ஒரே அறையில்தான், இருந்தும் பேச்சு இல்லை. பக்கத்து வீட்டுத் தோழியோடு பேசினாலும் 'தள்ளி நில்லு' என்று ஒரு குரல் வரும்.

நாங்கள் மன்றத்தைத் தொலைபேசியில் நடத்தத் தொடங்கியது அப்போதுதான். இதில் பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில் இருந்தது பட்டன் போன்தான். ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளிலும் அது பகலில் அப்பாவோடு வெளியே போய்விடும். 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களிடையே எடுத்த ஒரு கணக்கெடுப்பில், கிராமப்புறப் பிள்ளைகளில் 8 சதவீதம் பேர்தான் இணையவழியில் ஒழுங்காகப் படித்தார்கள் என்று தெரிந்தது. எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் வியப்பாக இருந்திருக்காது. அதனால் கான்ஃபரன்ஸ் கால் போட்டோம். சாதாரண போனிலேயே ஓர் அழைப்பில் ஐந்து பேரைச் சேர்க்கலாம். மாலையில் அப்பாக்கள் வீடு திரும்பிய பிறகு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. பேசி முடித்ததும் கேட்ட நால்வரும் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

தலைப்பு மட்டும் யோசித்துக் கொடுத்தேன். 'கொரோனா விழிப்புணர்வு' என்று கொடுத்தால் தொலைக்காட்சியில் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள் என்று தெரியும். அதனால் 'இந்த வாரம் எங்கள் வீட்டில் மாறிய ஒன்று' என்று கொடுத்தேன். 'நான் புதிதாகக் கற்றுக்கொண்ட வேலை', 'எனக்குக் கோபம் வந்த ஒரு நேரம்', 'பள்ளி திறந்ததும் முதலில் யாரிடம் என்ன சொல்வேன்' என்று அடுத்தடுத்து வந்தன.

ஒரு மாணவி, அவர்கள் தோட்டத்துத் தக்காளியைப் பற்றிப் பேசினாள். பாலக்கோடு சந்தைக்குக் கொண்டுபோன தக்காளிக்குப் பறிகூலிகூடக் கட்டாமல், அப்பா கூடைகளைச் சாலையோரம் கவிழ்த்துவிட்டு வந்ததை, கூடை கூடையாக, நிறம் மணம் எல்லாம் சொல்லி, அழாமல் சொன்னாள். மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதால் எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று முந்தின நாளே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். கேள்வி நேரத்தில் ஒரு பையன், "அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டாரா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க மாட்டேன், பாடநூலும் கேட்டிருக்காது. அவளோடு ஒன்பதாம் வகுப்பில் ஒரே அறையில் ஓராண்டு உட்கார்ந்திருந்தவன், அன்றைக்குத்தான் அவளிடம் முதன்முதலாக ஒரு வார்த்தை பேசினான்.

அப்பா, அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலையில் மாட்டிக்கொள்ள, பாட்டியோடு தனியாக இருந்த ஒரு பையன், களி கிண்டக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசினான். துடுப்பை எப்படிப் பிடிப்பது, மாவு கட்டி தட்டாமல் இருக்க என்ன செய்வது என்று அவன் விளக்கியபோது மற்ற பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ரசித்தார்கள். அடுத்த வாரம் அவனே, "இந்த வாரம் நான் வருத்தமா இருக்கறதப் பத்திப் பேசட்டுமா, மிஸ்?" என்று கேட்டான். நேராக அந்தத் தலைப்பை நான் கொடுத்திருந்தால் அவன் வாயையே திறந்திருக்க மாட்டான். களியைப் பற்றிப் பேசிப் பழகி, கேட்பவர்கள் கேலி செய்ய மாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் அந்த இடத்துக்கு அவனால் வர முடிந்தது.

இரண்டாம் அலையில், 2021 மே மாத முழு ஊரடங்கின்போது, ஒரு மாணவனின் தாத்தா இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் ஊரே கூடும், பறை அடிக்கும், ஒப்பாரி வைத்துப் பாட்டிமார்கள் இறந்தவரின் வாழ்க்கையையே பாடி முடிப்பார்கள். அன்றைக்கு எதுவும் இல்லை. சிலர் மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பையன் மறுவாரம் அழைப்பில் வந்து, தாத்தாவைப் பற்றிப் பேச அனுமதி கேட்டான். அவர் எப்படி மாடு பிடிப்பார், தன்னை எப்படிச் சந்தைக்குக் கூட்டிப் போவார், கடைசி நாள் என்ன சொன்னார் என்று பேசினான். இடையில் இரண்டு முறை நின்றுவிட்டான். மன்றத்தில் பழகிய பிள்ளைகள் ஆதலால் யாரும் அவசரப்படவில்லை. நிறுத்தி மூச்சை விட்டு மறுபடி தொடங்கலாம் என்பதை அவர்கள் ஏற்கெனவே பயிற்சியாகச் செய்திருந்தார்கள். ஊர் கூடிச் செய்ய வேண்டியதை அன்று ஐந்து பிள்ளைகள் தொலைபேசியில் செய்தார்கள்.

பேச்சுத் திறன் என்று நான் சொல்வது இதைத்தான். நடந்ததை ஒழுங்குபடுத்திச் சொல்வது. எதிரில் கேட்பவருக்கு இது தெரியுமா தெரியாதா என்று நினைத்துப் பார்த்துச் சொல்வது. குரல் நடுங்கினாலும் மூச்சைச் சீராக விட்டு மேலே தொடர்வது. அடுத்தவர் பேசும்போது முழுதாகக் கேட்டு அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது. இவை நான்கும் மேடைக்காகக் கற்றுக்கொள்கிறவை, ஆனால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிற ஒரு பிள்ளைக்கு இவைதான் அன்றாடம் தேவைப்பட்டன.

இதற்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் செய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கோபமும் அச்சமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கச் சொன்னார்கள். சொல்லால் குறித்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது. ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மேடையேறும் முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களை விட 'நான் ஆவலாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பை ஒழித்துக்கட்ட வேண்டியதில்லை, அதை வைத்துக்கொண்டே வேலை செய்யலாம் என்பது ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், அது தேர்வு அறைக்கும் உதவும், மருத்துவமனை வராந்தாவுக்கும் உதவும்.

நம் பிள்ளைகள் இதில் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு ஓர் எண் சொல்கிறேன். யுனிசெஃப் 2021-இல் 21 நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில், மனநலச் சிக்கல் வந்தால் மற்றவர்களின் உதவியை நாடுவது நல்லது என்று 15 முதல் 24 வயதுள்ளவர்களில் சராசரியாக 83 சதவீதம் பேர் சொன்னார்கள். இந்தியாவில் அப்படிச் சொன்னவர்கள் 41 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட நம் பிள்ளைகள் அப்படிச் சொல்லவில்லை. 104, 14417, 1098 என்ற உதவி எண்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கின்றன. நல்லது. ஆனால் எண்ணை அழுத்தி மறுமுனையில் 'ஹலோ' என்று கேட்டதும் என்ன சொல்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

இதை மிகவும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அந்த ஊரடங்கில் ஒரு மாணவிக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. வயது பதினாறு. பள்ளி மூடியிருக்கிறது, செலவும் குறைவு, யாரும் கேட்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் நினைத்துவிட்டார்கள். அவள் எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டு பேசவில்லை. எந்த நாள், எந்த ஊர், மாப்பிள்ளை வீடு எது, வீட்டில் யார் சொன்னால் கேட்பார்கள், தனக்கு என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே அதிகாரிகளிடம் சொன்னேன், அந்தக் கல்யாணம் நின்றது. பிறகு அவள் தன் பெரியப்பாவிடமும் நேரில் பேசினாள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மன்றம் இல்லாதிருந்தாலும் அவள் எப்படியாவது சொல்லியிருப்பாள் என்று வாதிடலாம். அதே காலத்தில் சொல்லாமலே போன பிள்ளைகளை எங்கள் பகுதியின் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

சரி, பேச்சுக்கு நம் பள்ளிகளில் இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சிறப்புப் பரிசும் வைத்திருக்கிறது. 2022-23 கல்வியாண்டு முதல் இலக்கிய மன்றங்களுக்குப் புது உயிர் கொடுத்தீர்கள். கலைத் திருவிழா வந்தது. இவற்றால் மேடை ஏறிய பிள்ளைகள் ஏராளம், அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதை நீங்களும் அறிவீர்கள். ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளை மனப்பாடம் செய்கிறது. 'அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்' என்று தொடங்கி, கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, கைதட்டலோடு இறங்குகிறது. எல்லாப் போட்டிகளுக்கும் பள்ளியில் அதே இரண்டு மூன்று பேர்தான் போவார்கள். எங்கள் பள்ளியில் நிறையக் கோப்பைகள் வாங்கிய ஒரு மாணவி, தொலைபேசி மன்றத்தில் முதல் வாரம், "என்ன பேசணும்னு எழுதிக் கொடுங்க மிஸ்" என்றாள். உன் வீட்டைப் பற்றித்தானே பேசப்போகிறாய் என்றேன். வெகுநேரம் மௌனமாக இருந்தாள். அவளைக் குறை சொல்லவே மாட்டேன். மற்றவர் சொற்களை அழகாகச் சொல்வதற்குத்தான் அவளைப் பழக்கியிருந்தோம், தன்னுடையதைச் சொல்லும்படி அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. சில வாரங்களில் அவளும் பேசினாள். கோப்பை வாங்கிய பேச்சுகளை விடத் தட்டுத் தடுமாறிய அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

தமிழ்ப் பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'கற்பவை கற்றபின்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அருமையான பேச்சுச் செயல்பாடுகளை அதில் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் போகிறோம், காரணம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வு. காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பதும் குறள் சொல்வதும் உண்டு. அதுவும் வாசிப்பும் ஒப்பிப்பும்தான்.

ஆகவே அந்த ஒரு பாடவேளை. அதில் எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துப் பேச வேண்டும், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம், எழுதி வைத்துப் படிக்காமல், தனக்குத் தெரிந்ததைப் பற்றி. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மாதம் ஒன்றிரண்டு முறைதான் வாய்ப்பு வரும், குழுவாகப் பிரித்தால் அதிகம் கிடைக்கும். மேடையைப் பார்த்தாலே நடுங்குகிற பிள்ளையைத் தூக்கி முன்னால் நிறுத்த வேண்டாம், முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசட்டும், பிறகு நான்கு பேரிடம். திக்கிப் பேசுகிற பிள்ளைக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டாம். எங்கள் எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிற பிள்ளைகள் உண்டு, அவர்கள் இடையில் தங்கள் வீட்டுச் சொல்லைப் போட்டால் சிரிக்காமல் கேட்கும் பழக்கம் மற்றவர்களுக்கும் வர வேண்டும். வட்டார வழக்கில் பேசினால் திருத்தக் கூடாது. தமிழாசிரியை ஒருத்தி இப்படிக் கேட்பது சிலருக்கு உறுத்தலாம், ஆனால் வாயைத் திறந்த உடனே ஒற்றுப்பிழை பார்த்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை திறக்காது.

பேசத் தெரிந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அரிசி இல்லாத பிள்ளைக்கு முதலில் அரிசிதான் வேண்டும். தாங்க முடியாத மன உளைச்சலில் இருக்கிற பிள்ளைக்கு உளவியல் ஆலோசகர் வேண்டும், எல்லா ஒன்றியங்களிலும் வேண்டும். ஆனால் யாருக்கு எது வேண்டும் என்பது அந்தப் பிள்ளை சொன்னால்தான் நமக்குத் தெரிகிறது.

அடுத்த முறை பள்ளிகளை மூட வேண்டி வந்தால், கல்வித் தொலைக்காட்சியில் நாள்தோறும் அரை மணி நேரமாவது பிள்ளைகளே பேசும் நிகழ்ச்சி வரட்டும். மலையோரக் கிராமத்துப் பிள்ளை ஒன்று தன் ஊரைப் பற்றிப் பேசுவதைக் கடலோரத்துப் பிள்ளை கேட்கட்டும். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஐந்து ஐந்து பேராகத் தன் மாணவர்களை வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேச வைப்பது என்று விதியே வகுக்கலாம். அதற்கான அழைப்புச் செலவு பெரிதில்லை. 2021-இல் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு மாதம் தினமும் 2 ஜிபி டேட்டா கொடுத்த அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல. இணையம் வேண்டாம், பட்டன் போன் போதும். அதற்கு இப்போதே வகுப்புவாரியாகப் பெற்றோர் எண்களைச் சரிபார்த்து வைக்க வேண்டும். 2020-இல் கையிலிருந்த எண்களில் பல வேலை செய்யவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் கூடுதலாக. இதற்கு மதிப்பெண் போட வேண்டாம். துறையின் எமிஸ் தகவல் தளத்தில் பதிவேற்ற வேண்டிய இன்னொரு கட்டமாகவும் ஆக்க வேண்டாம். எந்தப் பிள்ளை பேசியது என்று புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னால், ஆசிரியரின் கவனம் பிள்ளையை விட்டுப் படத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் அங்கே சொல்லுகிற வீட்டு விஷயங்கள் வகுப்பறைக்கு வெளியே போகாது என்ற உறுதியும் அவர்களுக்கு வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதாக இருந்தால், எப்படிப் பேச வைப்பது என்பதை விட, பிள்ளை ஆபத்தான ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்து யாரிடம் போவது என்பதை அதில் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த இடத்தில்தான் நாங்கள் தனியாக நிற்கிறோம்.

கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. கால அட்டவணை போடுவதற்கு முன், மே மாதத்திலேயே இதற்கான சுற்றறிக்கை வந்துவிட்டால் முதல் வாரத்திலிருந்தே தொடங்கிவிடலாம். தமிழ்ப் பாடவேளைகளில் ஒன்றைத்தான் இதற்கு விட வேண்டும் என்றாலும் நான் தருவதற்குத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
தருமபுரி மாவட்டம்